கட்டுக்கோப்பான குடும்பம், கேட்கப்படாத பிள்ளைகள்

மேலைநாடுகளில் குடும்பம் சிதைந்துவிட்டது. அங்கே பதினாறு வயதில் பிள்ளை வீட்டை விட்டுப் போகிறது. பெற்றோரைப் பார்க்க முன்னனுமதி வாங்குகிறது. ஆகவே அங்குள்ள இளைஞர்கள் மனநோய்க்கு ஆளாகிறார்கள். நம் நாட்டிலோ தாயும் தந்தையும் பாட்டியும் அத்தையும் சூழ்ந்திருக்கும் குடும்பம் என்னும் காப்பு உண்டு. ஆகவே நம் பிள்ளைகளின் உள்ளம் நலமாக இருக்கிறது. இந்த இரு வாக்கியங்களையும் கேட்காத மேடை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பள்ளி ஆண்டு விழா, திருமண வாழ்த்தரங்கம், பண்டிகை நாள் பட்டிமன்றம் என எங்கும் இவை ஒலிக்கின்றன. கைதட்டல் உறுதி. எங்களில் பலரும் அந்த நாற்காலிகளில் அமர்ந்து கைதட்டியவர்கள்தாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

ஒப்புக்கொள்வதோடு நிற்காமல், இந்தப் பெருமிதம் பொய் என்றும், தீங்கு செய்யும் பொய் என்றும் இங்கே சொல்ல விரும்புகிறோம். இதற்கான சான்றைத் தேடி எங்கோ போக வேண்டியதில்லை. வேலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள கணியம்பாடி ஒன்றியத்திலேயே அது இருக்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூகநலப் பிரிவு கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் பல்லாண்டுகளாகப் பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்து வருகிறது. ஒருவர் இறந்தால் ஊரிலுள்ள நலப் பணியாளர் தகவல் தருவார். பின்னர் செவிலியரும் மருத்துவரும் வீட்டாரிடம் பேசிக் காரணத்தை உறுதி செய்வர். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களைக் கொண்ட அந்த ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, 10 முதல் 19 வயதுடையோரின் தற்கொலை குறித்து அக்கல்லூரி மருத்துவர்கள் எழுதிய கட்டுரை 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சிறுவரில் 58, சிறுமியரில் 148 என்பது அவர்கள் கண்ட விகிதம். அந்த வயதில் இறந்த ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும், பெண் பிள்ளைகளில் பாதி முதல் முக்கால் பங்கினரும் தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டவர்கள்.

இந்த எண்களை ஒருமுறை நிறுத்திப் படிக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். அதே காலத்தில் நாடு முழுவதற்குமாக, எல்லா வயதினருக்கும் சேர்த்து, அரசின் பதிவேடு காட்டிய விகிதம் லட்சத்துக்குப் பதினொன்றை ஒட்டியே இருந்தது. அரசு ஏட்டில் வராதவை கணியம்பாடியில் வந்ததற்குக் காரணம், அங்கே ஒருவர் வீட்டுக்குச் சென்று, அமர்ந்து, கேட்டார் என்பதே. மற்ற ஊர்களில் அவை 'தீராத வயிற்றுவலி' என்றும் 'திடீர்க் காய்ச்சல்' என்றும் புதைக்கப்பட்டன.

ஆய்வு நடந்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1992 முதல் 2001 வரை அந்த ஊர்களில் கைப்பேசி இல்லை, இணையம் இல்லை. இன்று எந்தப் பிள்ளைக்கு எது நேர்ந்தாலும் 'எல்லாம் செல்போன் செய்த வேலை' என்று தீர்ப்பெழுதுகிறோமே, அந்தக் குற்றவாளி அப்போது ஊருக்குள் நுழையவே இல்லை. இரண்டாவது குற்றவாளியாக நம் மேடைகள் நிறுத்துவது வேலைக்குப் போகும் தாயை. விடியலில் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பெண்களைப் பற்றி எத்தனை இழிசொற்கள்! 'தாய் வீட்டில் இல்லை, பிள்ளை கெட்டது' என்பது தெருவின் பொதுக் கருத்தாகவே ஆகிவிட்டது. ஆனால் கணியம்பாடி அன்று பெரும்பாலும் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளைந்த வேளாண் ஒன்றியம். தாய் வயலுக்குப் போனாள். மாலையில் வீட்டில் இருந்தாள். பாட்டி திண்ணையில் இருந்தாள். உறவினர் அடுத்த தெருவில் இருந்தனர். மேடைகள் போற்றும் அத்தனை கட்டுகளும் அங்கே இருந்தன. அந்தக் கட்டுகளுக்கு நடுவில்தான் அப்பிள்ளைகள் இறந்தார்கள்.

மூன்றாவதாக ஒன்றையும் கவனிக்க வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகளில் இவ்வகையில் இறக்கும் இளைஞருள் ஆண்களே மிகுதி. கணியம்பாடியில் அது தலைகீழாக இருந்தது. சிறுமியர் விகிதம் சிறுவரைப் போல் இரண்டரை மடங்கு. வீட்டின் கட்டு யாரை இறுக்கமாகப் பிணைத்திருந்ததோ அவர்களையே அது குறைவாகக் காத்தது. பதினெட்டிலும் பத்தொன்பதிலும் மணமாகிப் புகுந்த வீட்டுக்குச் சென்றுவிட்ட பெண்களும் அந்த வயது வரம்புக்குள் அடங்குவர் என்பதையும் மறந்துவிடலாகாது. காரணங்களாகச் சுட்டப்பட்டவற்றுள் குடும்பப் பூசலும் வீட்டு வன்முறையும் தேர்வுத் தோல்வியும் நிறைவேறாத காதலும் மனநோயும் இருந்தன. எந்த ஓர் இறப்புக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. பல சுமைகள் ஒன்றாகக் கூடும்போதே அது நேர்கிறது. ஆயினும் இப்பட்டியலின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நிகழ்வது என்பதையும், வீட்டாரிடம் சொல்லியிருக்கக்கூடியது என்பதையும் மறுக்க முடியாது.

இவை இருபதாண்டுக்கு முந்தைய எண்கள். இன்றைய நிலை இதுவே என்று நாங்கள் வாதிடவில்லை. நாங்கள் வாதிடுவது வேறு. 'குடும்பம் நெருக்கமாக இருந்தால் பிள்ளையின் உள்ளம் தானாக நலமாயிருக்கும்' என்ற கொள்கைக்கு ஒரு சோதனை நடந்தது. நம் மண்ணிலேயே, பத்தாண்டு நடந்தது. கொள்கை தோற்றது. தோற்ற கொள்கையை ஒவ்வொரு மேடையிலும் வென்றதாகப் பறைசாற்றுவது எவ்வகை நேர்மை?

*

மேலைநாட்டைப் பற்றிய பாதியையும் பார்த்துவிடுவோம். 2020-இல் யுனிசெஃப் 38 செல்வ நாடுகளில் குழந்தைகளின் நலத்தை ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. மனநலத்தில் முதலிடம் பெற்றது நெதர்லாந்து. பிள்ளை பெற்றோரிடம் அடங்கி நடக்கும் நாடு என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். பெற்றோர் மீதான மரியாதைக்கும் கல்வி ஒழுக்கத்துக்கும் நம் பேச்சாளர்கள் ஓயாது மேற்கோள் காட்டும் ஜப்பானோ, உடல்நலத்தில் 38 நாடுகளுள் முதலிடம். மனநலத்தில் முப்பத்தேழாம் இடம். ஒரே நாடு, ஒரே பிள்ளைகள், ஒரே குடும்பங்கள். உடலை அத்துணைப் பொறுப்புடன் வளர்த்த வீடுகள் உள்ளத்தைக் கைவிட்டிருக்கின்றன.

இதைக் கொண்டு கிழக்கு தாழ்ந்தது, மேற்கு உயர்ந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது பழைய பட்டிமன்றத்தையே கட்சி மாறி நடத்துவதாகும். ஐஸ்லாந்தைப் பாருங்கள். 1998-இல் அங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் ஒருமுறையேனும் குடித்து மயங்கியவர்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. அந்நாடு செய்தது என்ன? ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் கேட்டறிந்தது. விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணத்தைச் செலவிட்டது. பெற்றோரைக் கூட்டி, பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டுமாறு இணங்கச் செய்தது. அதாவது, குடும்பப் பிணைப்பைப் பரம்பரைச் சொத்தாகக் கருதாமல், உழைத்துக் கட்ட வேண்டிய ஒன்றாகக் கருதியது. பிணைப்பு தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் அதைக் கட்டினார்கள். இருக்கிறது என்று பெருமை பேசும் நாம் கட்டவில்லை.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் உலக நலவாழ்வு அமைப்பின் துணையுடன் நான்காண்டுக்கு ஒருமுறை 11, 13, 15 வதுப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் ஒரு கேள்வி: 'உன்னை உறுத்தும் ஒன்றைப் பற்றித் தாயிடம் பேசுவது உனக்கு எளிதா? தந்தையிடம் பேசுவது எளிதா?' எளிய கேள்விதான். ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்டவர் யார்? பள்ளியில் உயரமும் எடையும் அளக்கிறார்கள், இரத்தச்சோகைக்கு மாத்திரை தருகிறார்கள், மதிப்பெண்ணை எழுதுகிறார்கள். வீட்டில் 'சாப்பிட்டாயா' என்று கேட்கிறோம். 'எத்தனை மார்க்' என்று கேட்கிறோம். 'யாரோடு பேசிக்கொண்டு வந்தாய்' என்று கேட்கிறோம். முதற்கேள்வியில் அன்பு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றுக்கும் ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டு ஒரு பிள்ளை எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ள முடியும்.

*

'இலக்கிய ஆர்வலர்களுக்கு இந்த மருத்துவப் புள்ளிவிவரங்களோடு என்ன வேலை?' என்று கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. பழம்பெருமையை மேடைக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் நம்மைப் போன்றவர்களே. ஆகவே அந்தப் பழமை உண்மையில் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லும் கடமையும் நமக்கு உண்டு.

அகத்திணையில் ஒரு பெண் உள்ளத்துயரால் மெலிகிறாள். உணவு செல்லவில்லை; வளை கழல்கிறது. தாய் பார்க்கிறாள். நெருக்கமான தாய், அன்பான தாய். அவளுக்கு என்ன தோன்றுகிறது? முருகன் அணங்கினான் என்று தோன்றுகிறது. வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள், ஆட்டுக்குட்டி பலியாகிறது, பெண்ணின் துயர் அப்படியே இருக்கிறது. நோய் ஒன்று, மருத்துவம் வேறு. பெற்ற தாய்க்கே மகளின் உள்ளம் தெரியாமற் போகும் என்பதைச் சங்கப் புலவர்கள் மீண்டும் மீண்டும் பாடியிருக்கிறார்கள். 'தாய் அறியாததா?' என்று நாம் மேடையில் உருகுகிறோமே, அந்த உருக்கம் அவர்களிடம் இல்லை.

அவர்கள் அதோடு விடவில்லை. அந்த மௌனத்தைக் கடக்க ஒரு வழியையும் அமைத்தார்கள். 'அறத்தொடு நிற்றல்' என்பது அதன் பெயர். தலைவி தோழியிடம் சொல்வாள்; தோழி செவிலியிடம் சொல்வாள்; செவிலி நற்றாயிடம் சொல்வாள்; நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இவ்வாறு தோழி செவிலியிடம் பேசும் பேச்சே. இதனை நாம் திணை இலக்கணமாக மட்டும் படித்துத் தேர்வெழுதிவிட்டோம். ஓர் இளம்பெண் நேரே தாயிடம் சொல்ல முடியாது என்பதை ஒரு சமூகம் வெளிப்படையாக ஏற்று, இடையில் இருவரை நிறுத்தியது என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. பொன்னுலகம் ஒன்று அன்று இருந்தது என்றும் நாங்கள் கூறவில்லை. இற்செறிப்பும் அதே இலக்கியத்தில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் பூட்டி வைத்தவர்கள்கூடச் செய்தி வெளிவர ஒரு வாயிலை விட்டு வைத்தார்கள். நாம் பூட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்றும் தோழி இருக்கிறாள். அதே வகுப்பில், அதே பெஞ்சில் இருக்கிறாள். அவளுக்கும் வயது பதினைந்து. அவளுக்குத் தெரிகிறது, சொல்ல அஞ்சுகிறாள், சொன்னால் தானும் மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கிறாள். அவள் சென்று சொல்லத்தக்க செவிலி இல்லை. இல்லாமற் போனது செவிலியே: தாயும் அல்லாத, அந்நியரும் அல்லாத, சினங்கொள்ளாமல் கேட்டு, பிறகு பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் துணிவுள்ள ஒரு பெரியவர்.

*

இந்தத் தோல் வட்டாரத்தின் வீடுகள் ஒரே வார்ப்பில் ஆனவை அல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் முஸ்லிம் வணிகர் குடும்பங்கள் உண்டு; தோல் பதனிடும் வேலையைத் தலைமுறைகளாகச் செய்த தலித் குடும்பங்கள் உண்டு; கிறித்தவக் குடும்பங்கள் உண்டு; தந்தை வளைகுடா நாட்டில் இருக்க, மாதம் ஒருமுறை பணமாகவும் வாரம் ஒருமுறை குரலாகவும் வீட்டுக்கு வரும் குடும்பங்கள் உண்டு. உணவும் வழிபாடும் உறவுமுறைச் சொற்களும் வேறுபடும் இவ்வீடுகள் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றன: வீட்டு மானம் பிள்ளையின் நடத்தையில், அதிலும் பெண்பிள்ளையின் நடத்தையில், இருக்கிறது என்பதில். ஆகவே பிள்ளையின் துயரம் எந்த வீட்டிலும் முதலில் துயரமாகக் கேட்கப்படுவதில்லை. அவமானத்தின் முன்னறிவிப்பாகவே கேட்கப்படுகிறது. 'ஏன் அழுகிறாய்' என்பதற்கு முன் 'வெளியே கேட்கப் போகிறது' என்று வருகிறது.

இதற்குப் பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எங்கள் நோக்கமன்று. பதனிடாத தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதை 1970களில் நடுவண் அரசு கட்டுப்படுத்திய பின், இவ்வட்டாரம் முழுமையான தோலுக்கும் காலணிக்கும் மாறியது. காலணித் தையலில் பெண்களின் கை தேவைப்பட்டது. கம்பெனிக்குள் போகாத பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று, ஷூவின் அப்பரைக் கையால் தைக்கிறார்கள். ஊசி குத்திக் காய்த்த விரலோடு இரவு எட்டு மணிக்கு ஒரு தாய் அடுப்பைப் பற்ற வைக்கும்போது, மகளின் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்றால், அதை அன்பின்மை என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பாலாற்றில் கலந்த கழிவை அளக்கச் சட்டம் வந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2025 ஜனவரியிலும் அதே நெறியை வலியுறுத்தியது. ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எடுத்ததற்குக் கணக்குக் கேட்டோம். வீடுகளிலிருந்து எடுக்கப்பட்ட நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

'அப்படியானால் குடும்பமே வேண்டாம் என்கிறீர்களா?' என்பது எதிர்பார்க்கத்தக்க கேள்வி. இல்லை. அதற்கும் வேலூரே விடை வைத்திருக்கிறது. பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. மனநோயாளியை உறவினரிடமிருந்து பிரித்துச் சுவருக்குள் அடைப்பதே உலகெங்கும் வழக்கமாயிருந்த காலத்தில், அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளியின் குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். 1950களில் தொடங்கிய பாகாயம் மையமும் அந்த வழியிற் சென்றது. அங்கே நோயாளியோடு வீட்டாரும் தங்குகிறார்கள்; சமைத்துப் போடுவதற்காக மட்டுமன்று, நோயைப் புரிந்துகொள்ளவும் கேட்கக் கற்றுக்கொள்ளவும். நம் குடும்பத்தின் உண்மையான வலிமை அதுவே. ஆனால் அந்த வலிமை கற்றுக்கொண்ட பிறகு வருகிறது. இரத்தத்தில் ஊறி வருவது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் வரை கற்கப் போவதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: 'போக நினைத்தவரை யார் தடுக்க முடியும்?' முடியும் என்பதே உலக அனுபவம். இலங்கையில் 1990களின் நடுப்பகுதியில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின் எழுபது விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. அங்கே குடும்பங்கள் மாறவில்லை, துயரங்களும் தீர்ந்துவிடவில்லை. அந்த ஓர் இரவு கடந்தது, கடந்தவர்கள் வாழ்ந்தார்கள். உயிரை எடுக்கும் வேகம் நிலையானதன்று. அந்த வேளையில் அருகில் ஒருவர் இருந்து, திட்டாமல், அறிவுரை கூறாமல், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். எத்தனையோ உயிர்கள் அப்படித்தான் மிஞ்சியிருக்கின்றன.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சிறியவை. ஒவ்வொரு பள்ளியிலும் பாடம் நடத்தாத, மதிப்பெண் போடாத, பிள்ளைகள் அச்சமின்றிச் செல்லத்தக்க ஒரு பெரியவர் வேண்டும். அவருக்குப் பயிற்சியும் பணி உறுதியும் வேண்டும். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் ஷூ கம்பெனிகள் தாய்மாருக்குக் கூலி பிடிக்காமல் அரைநாள் விடுப்புத் தர வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் தணிக்கைக்கு வரும்போது காட்டும் அக்கறையில் பாதி போதும். தேர்வு முடிவு வரும் நாளில் எந்த வீட்டிலும் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் எழக்கூடாது. தமிழக அரசு 2017-இல் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பையே கைவிட்டது. வீடுகள் இன்னும் கைவிடவில்லை. தற்கொலை முயற்சியைத் தண்டிக்கத்தக்க குற்றமாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்தின் விளைவாகக் கொள்ள வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறுகிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி, பிழைத்த பிள்ளையை மருத்துவரிடமிருந்து மறைக்கும் பெற்றோரிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம்மைப் போன்ற எழுத்தார்வலர்களுக்கும் ஒரு கோரிக்கை. 'கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா' என்ற தலைப்பை இனி விட்டுவிடுவோம். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் 'தோல்' நாவலை எழுதினார். 2012-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆம்பூர்த் திண்ணையில் தாயோடு அமர்ந்து அப்பர் தைத்துவிட்டுப் பத்து மணிக்குப் பாடப்புத்தகத்தைத் திறக்கும் பெண்ணின் உள்ளம் எந்த நாவலில் முழுதாக வந்திருக்கிறது? அவளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவளைப் பேசவிட்டுக் கேட்போம்.

இதைப் படிப்பவர்களில் உள்ளச்சுமையால் தவிக்கும் பிள்ளை யாரேனும் இருந்தால், அல்லது அப்படி ஒரு பிள்ளையை அறிந்த தோழியோ ஆசிரியரோ இருந்தால்: 2022 முதல் நாடு முழுவதும் இயங்கும் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். சொல்வது அவமானமன்று. அறத்தொடு நிற்றல் என்று நம் முன்னோர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.